எட்டுக் கண்ணாடியும் ஒரு சிரட்டைப் பலாப்பாலும்

சரியாகக் காலை ஒன்பது நாற்பதுக்குத் தந்திக்காரரின் சைக்கிள் எங்கள் தெருமுனையில் திரும்பியது. கூடத்துக் கடிகாரத்துக்கு அம்மா சாவி கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் ஏறி நின்ற முக்காலியை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். முட்கள் என் கண்ணுக்கு நேரே இருந்தன. அதனால்தான் நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவிருக்கிறது. ஏறக்குறைய நாற்பது வருடங்கள் ஆகிவிட்டன. என் மகன் இப்போது வளைகுடாவில் வேலை பார்க்கிறான். வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்குப் பேசுவான். ஒன்பது நாற்பது ஆகியும் தொலைபேசி மணி அடிக்காவிட்டால் எழுந்து ஜன்னலருகே போய் நின்றுவிடுகிறேன். காரணத்தை அவனிடம் சொன்னால் சிரிப்பான்.

எங்கள் ஊர் ஜெகதாப்பட்டினத்துக்குப் பக்கத்தில், கடலிலிருந்து ஒரு மைல் உள்வாங்கியது. ஊரில் பாதி ஆண்கள் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இருந்தார்கள். தந்தி என்றால் பெண்கள் காகிதத்தைப் பிரிப்பதற்கு முன்பே அழ ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் எங்கள் தந்திக்காரர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். சேதி நல்லதாக இருந்தால் தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வருவார். அன்றைக்கும், “நல்ல சேதி, நல்ல சேதி! யாரும் மயங்கி விழுந்துராதீங்க!” என்று மணியை அடித்துக்கொண்டே வந்து எங்கள் வாசலில் காலை ஊன்றினார்.

“அண்ணன் நாகப்பட்டினத்துல கப்பல விட்டு எறங்கிட்டாரும்மா. சாயந்தரம் அஞ்சரை பஸ்ஸுக்கு வீட்டுல இருப்பாரு.”

அடுத்த மாதம்தான் வருவதாக அத்தா, என் அப்பா, எழுதியிருந்தார். நாலு வருடம் கழித்து வருகிறார். குப்பி இரண்டு கைகளையும் ஏந்தி அல்லாவுக்கு நன்றி சொன்னாள். குப்பி என்பது அத்தாவின் அக்கா. கணவர் இறந்த பிறகு எங்களோடு இருந்தாள். அம்மா நன்றி சொல்லவும் இல்லை, அழவும் இல்லை. முக்காலியிலிருந்து இறங்கி, தெருவைப் பார்த்த ஜன்னலை வெறித்துப் பார்த்தாள். பிறகு மெதுவாக, “மதினி, கண்ணாடி!” என்றாள்.

அந்தக் கண்ணாடியின் கதையைச் சொல்லிவிட வேண்டும்.

பினாங்கில் அத்தா ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். கடைக்கு மேலே தூக்கம். தான் படுக்கிற அறைக்கு ஜன்னலே கிடையாது என்று ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார். அந்தக் குறையை எங்கள் வீட்டில் தீர்த்துக்கொள்ள நினைத்தாரோ என்னவோ, ஊர் திரும்பிய ஒருவரிடம் மரப்பெட்டியில் மரத்தூள் நிரப்பி எட்டுக் கண்ணாடிகள் கொடுத்துவிட்டார். கப்பல், ரயில், மாட்டுவண்டி எல்லாம் தாண்டி ஒன்றுகூட உடையாமல் வந்து சேர்ந்தன. ஜன்னல் கதவுகளின் மரப்பலகைகளைக் கழற்றிவிட்டு, கதவுக்கு நான்காக எட்டையும் பொருத்தினோம். ஊரிலேயே முதல் கண்ணாடி ஜன்னல்.

பொருத்திய மறுநாள்தான் தெரிந்தது, கண்ணாடி வழியாக வெளியே பார்க்க முடிந்தால் வெளியிலிருந்தும் உள்ளே பார்க்க முடியும் என்பது. அந்நிய ஆண் நிழல் பட்டால் தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொள்ளும் வீடு எங்களுடையது. இப்போது தெருவே கூடத்துக்குள் வந்து நின்றது. பள்ளிக்கூடம் போகிற பையன்கள் மூக்கைக் கண்ணாடியில் அழுத்தி உள்ளே பார்த்தார்கள், அதிலேயே தலையும் வாரிக்கொண்டார்கள். உப்பு வண்டிக்காரர் வண்டியை நிறுத்தி எங்கள் கடிகாரத்தில் மணி பார்த்தார். கூடத்திலிருந்து அடுப்படிக்குப் போக அம்மாவும் குப்பியும் ஜன்னல் மட்டத்துக்குக் கீழே குனிந்து நடந்தார்கள். மூன்று நாளில் குப்பிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. திரை போட்டோம். கடல் காற்று அதைத் தூக்கித் தூக்கிக் காட்டியது. ஒன்றுமில்லாததைவிட அது மோசமாக இருந்தது.

கடைசியில் பழைய செய்தித்தாளை ஒட்டினோம். மைதாப் பசையைக் கரப்பான் தின்றது. பத்து நாளில் தாள் தொங்கியது. அப்போதுதான் மாமா உள்ளே வந்தார். அம்மாவின் தம்பி. கீரமங்கலத்தில் பலாப்பழ வியாபாரம். வந்தவர் ஒரு சிரட்டை நிறையப் பலாப்பாலைக் கொண்டுவந்தார். பலாப்பழத்தை அறுக்கும்போது வருமே, அந்தப் பால்தான். அதைச் சேர்த்து நெருப்பில் காட்டினால் மெழுகுபோல இளகும், ஆறினால் விடாது. விரிசல் விட்ட பானையை அதை வைத்துத்தான் அடைப்பார்கள். எட்டுக் கண்ணாடியிலும் கோடு கோடாக இழுத்துத் தாளை ஒட்டிவிட்டு, “உலகம் அழியிற கியாமத் நாள் வரைக்கும் இது வராது லாத்தா” என்று அக்காவிடம் மார்தட்டினார் மாமா.

அவர் சொன்னது பலித்தது. மூன்று வருடம் ஒரு முனைகூடப் பெயரவில்லை.

பலித்ததில்தான் வம்பு. அத்தா ஒவ்வொரு கடிதத்திலும் எங்கள் உடம்பைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் கண்ணாடியைப் பற்றிக் கேட்பார். வெளிச்சம் வருகிறதா, நன்றாகத் தெரிகிறதா. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல நான்தான் எழுதுவேன். ஜன்னலே இல்லாத அறையில் படுத்திருக்கும் மனிதருக்கு, நீங்கள் அனுப்பிய கண்ணாடியில் காகிதம் ஒட்டிவிட்டோம் என்று எழுத அவளுக்கு மனம் வரவில்லை. “நல்லா தெரியுதுன்னு எழுது” என்பாள். நான் எழுதினேன். நாலாம் வகுப்பில் எனக்குக் கட்டுரைக்குப் பாராட்டுக் கிடைத்த பிறகு, கொஞ்சம் சொந்தமாகவும் சேர்த்தேன். ‘நமது ஜன்னல் வழியே கடல் தெரிகிறது. அலைகளும் பாய்மரங்களும் கண்ணுக்கு விருந்தாக உள்ளன’ என்று எழுதிவிட்டு அம்மாவிடம் வாசித்துக் காட்டும்போது அந்த இரண்டு வரிகளைத் தாண்டி வாசித்தேன். கடலுக்கும் எங்கள் ஜன்னலுக்கும் நடுவே எதிர்வீட்டுச் சுவர் இருந்தது.

ஆக, தந்தி வந்த அன்று அம்மாவுக்கு ஒரு பயம், எனக்கு இரண்டு பயம்.

“மூணு வருஷமா பொய் எழுதியிருக்கேன்டா,” என்று அம்மா மாமாவிடம் சொன்னாள். மாமா முந்தின நாள்தான் பழ வண்டியோடு வந்து, தூங்கி எழுந்து பல் விளக்கிக்கொண்டிருந்தார். “அவரு வாசல்ல கால வைக்கிறப்ப இது கண்ணாடியா இருக்கணும். நீதானே ஒட்டுன, நீயே எடு.”

“இதென்ன பெரிய வேலை லாத்தா. ரெண்டு செம்பு தண்ணி கொண்டா.”

தண்ணீர் தெளித்ததும் தாள் ஊறி உரிந்தது. நாங்கள் சந்தோஷப்பட்டோம். தாள் போன இடத்தில் பலாப்பால் மட்டும் பழுப்பு நிறப் புழுக்கள் மாதிரி மேலும் கீழுமாக நெளிந்து நின்றது. பால் பட்ட இடத்தில் தாளின் துணுக்கும் எழுத்தோடு தங்கிவிட்டது. ஒரு கண்ணாடியில் ‘தலைவலியா’ என்ற விளம்பர வார்த்தை மட்டும் மிச்சம் இருந்தது. குப்பி அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “ஆமா” என்றாள்.

வெந்நீர் ஊற்றினோம். பால் இளகியது, ஆனால் கண்ணாடியை விடவில்லை. தொட்ட கையையும் பிடித்துக்கொண்டு நூல் நூலாக நீண்டது. மாமா ஒரு நூலை இழுத்துக்கொண்டே பின்னால் போனார். கூடத்தின் மறுசுவர்வரை போயும் அது அறுபடவில்லை. குப்பி அடுப்புச் சாம்பலைக் கொண்டுவந்து தேய்த்தாள். சாம்பல் அழகாக ஒட்டிக்கொண்டது. இப்போது புழுக்கள் சாம்பல் நிறமாயின. தேங்காய் நாரால் தேய்த்தோம். நாரும் ஒட்டியது. பழுப்புப் புழுவாக இருந்தது மயிர்ப்புழுவாகிவிட்டது.

மாமா அரிவாள்மணையைக் கழற்றிச் சுரண்டப் போனார்.

“கீறல் விழுந்துச்சு, ஒன்னையும் அதே மாதிரி கீறிப்புடுவேன்!” என்று அம்மா அதைப் பிடுங்கிக்கொண்டாள். அவள் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை.

மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. அடுப்பில் ஒன்றும் ஏறவில்லை. அறுக்க வேண்டிய கோழி நல்ல வேளை என்று கொல்லையில் மேய்ந்தது. மாமாவின் விரல்களுக்கு நடுவே செய்தித்தாள், மீசையில் சாம்பல். குப்பியின் முந்தானை ஒரு கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, அவள் திரும்பியபோது அவளைப் பின்னால் இழுத்தது. யாரோ பிடித்து இழுத்ததாக நினைத்து, “எவடா அது?” என்று கத்தினாள்.

பதில் வெளியிலிருந்து வந்தது. தெருவே கூடி நின்று சிரித்தது.

தாளை உரித்துவிட்டால் தெருவுக்குத் தெரியும் என்பது அந்த அவசரத்தில் எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. மூன்று வருடம் மறைத்து வைத்த கூடத்தை, தலைவிரி கோலமாக, எண்ணி இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவும் குப்பியும் பழைய பழக்கத்தில் சட்டென்று ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தபடியே கையை மட்டும் மேலே நீட்டித் தேய்த்தார்கள். வெளியே நின்றவர்களுக்கு நான்கு கைகள் மட்டும் தெரிந்திருக்கும். உப்பு வண்டிக்காரர் ரொம்ப உதவியாக, “இங்கிட்டு ஒரு பொட்டு இருக்கு பாருங்க. இல்ல இல்ல, அங்கிட்டு. இன்னும் மேல!” என்று விரலால் காட்டினார். கைகளும் அவர் சொன்ன திசையில் போயின.

அந்த நேரத்தில்தான் மீன்காரம்மா கூடையோடு கொல்லைவாசல் வழியாக உள்ளே வந்தாள். ஜெகதாப்பட்டினத்திலிருந்து தினம் நடந்து வருகிறவள். கூடையை இறக்கிவிட்டு, இடுப்பில் கை வைத்து எங்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். கண்ணாடியைத் தொட்டு, விரலை மோந்தாள்.

“இது பலாப்பால்ல?”

“ஆமா” என்றார் மாமா, பெருமையும் வருத்தமும் கலந்து.

“நீங்க பலாப்பழ யாவாரிதானே?”

“ஆமா.”

“பழம் அறுக்கையில கையில என்னத்தத் தடவிக்கிருவீங்க?”

மாமா தன் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பிப் பார்த்தார். பதினைந்து வருடமாகத் தினமும் நூறு தடவை எண்ணெய் தடவிய கைகள் அவை.

“எண்ணெய்,” என்றார், யாரோ அவரிடம் ரகசியம் சொன்னமாதிரி.

“படகுல தாரு ஒட்டுனா எங்க வீட்டுப் பச்சப்புள்ளகூட எண்ணெயத் தேடும். நீங்க சாம்பல அப்பி வச்சிருக்கீங்க,” என்றாள் மீன்காரம்மா. குப்பி பிறகு பல வருடம் மாமாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, “எண்ணெய் எங்க?” என்றுதான் கூப்பிட்டாள்.

தேங்காயெண்ணெயைத் துணியில் நனைத்து வைத்துக் கொஞ்சம் பொறுத்துத் துடைத்தால், பால் உருண்டு உருண்டு திரியாக வந்துவிட்டது. சாம்பலும் நாரும் தலைவலியும் அதோடு போயின. நான்கு கண்ணாடியில் சமையல் எண்ணெய் தீர்ந்தது. மிச்சத்துக்குக் குப்பி பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்த, மூலிகை போட்டுக் காய்ச்சிய கூந்தல் தைலத்தைக் கொடுத்தாள். கொடுக்கும்போது அவள் முகம் ஒரு தியாகியின் முகமாக இருந்தது. கண்ணாடிகள் இலேசான பச்சை நிறத்தில், கரிசலாங்கண்ணி வாசத்தோடு மின்னின.

ஆனால் எண்ணெய்ப் பிசுக்கு. வெளியே எல்லாம் பனி மூட்டமாகத் தெரிந்தது. எண்ணெய் வைத்த தலைக்கு என்ன செய்வோம்? சீயக்காய். மாமா சீயக்காய்த் தூளைக் கரைத்து எட்டுக் கண்ணாடிகளுக்கும் தேய்த்து, குளிப்பாட்டி, துவட்டினார். சாம்பிராணி மட்டும்தான் போடவில்லை.

இதற்கு நடுவில் ஒன்று நடந்தது. அன்று அதை நான் பொருட்படுத்தவில்லை.

இடது பக்கக் கதவில் மேலிருந்து இரண்டாவது கண்ணாடியை அம்மா கடைசிவரை யாரையும் தொட விடவில்லை. அதில் ஒட்டியிருந்த தாளில் காலணா அளவுக்கு ஒரு ஓட்டை உண்டு. அந்த ஓட்டையால் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஒட்டிய முதல் மாதமே குப்பி அதைக் கண்டுபிடித்து, “இந்தக் குட்டி சும்மா இருக்க மாட்டாளா? முக்காலி போட்டு ஏறித் தெருவப் பாக்கணும்னு அப்படி என்ன ஆசை?” என்று என் காதைத் திருகினாள். நான் போடவில்லை என்று அழுதேன். அம்மா அங்கேதான் நின்றாள், ஒரு வார்த்தை பேசவில்லை. ராத்திரி மட்டும் எனக்குக் கூடுதலாக இரண்டு பேரீச்சம்பழம் கொடுத்தாள். குப்பி ஓட்டையை அடைத்தாள். மூன்றாம் நாள் அது மறுபடி திறந்திருந்தது. மறுபடி காது, மறுபடி பேரீச்சம்பழம். நாலைந்து தடவைக்குப் பிறகு குப்பி அலுத்துப்போய் விட்டுவிட்டாள். செய்யாத குற்றத்துக்கு இத்தனை பழம் கிடைப்பதால் நானும் மறுப்பதை விட்டுவிட்டேன்.

அந்தத் தாளை அம்மா தானே நனைத்து உரித்தாள். ஓட்டையின் ஓரம் பழைய துணிபோல மெத்தென்று நைந்திருந்தது. அதற்கு நேரே கண்ணாடியில் ஒரு மங்கலான பிசுக்கு. பலாப்பால் என்று நினைத்து நான் துணியோடு எம்பினேன். எட்டவில்லை.

“அத விடு. அது பாலு இல்ல,” என்று சொல்லி, அம்மா முந்தானையால் துடைத்தாள்.

ஐந்தேகாலுக்கு எல்லாம் முடிந்தது. எட்டுக் கண்ணாடியும் இருக்கிற இடமே தெரியவில்லை. ஒரு குருவி நேராகப் பறந்து வந்து மோதிவிட்டுக் குழம்பிப் போய்த் திரும்பியது. சோறு வெந்திருந்தது, மீன்காரம்மா தன் பங்குக்குக் குழம்பைக் கூட்டி வைத்துவிட்டுப் போயிருந்தாள். உடைமாற்றி வந்த அம்மா ஜன்னலருகே போய் நின்றாள். உட்காரவில்லை, குனியவில்லை. நான் மட்டும் மூலையில் நின்று, கடல் எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தரை பஸ் ஆறு மணிக்கு வந்தது. குப்பி அதற்குள் விளக்கை ஏற்றியிருந்தாள். பெட்டியும் படுக்கையுமாக அத்தா வந்தார். பின்னால் பாதித் தெரு வந்தது. அவர் மெலிந்திருந்தார். சலாம் சொன்னார். என் தலையில் கை வைத்தார். பிறகு கூடத்தின் நடுவில் நின்று கண்ணாடியைப் பார்த்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உப்பு வண்டிக்காரர் உட்பட ஒரு பதினைந்து முகங்கள், விளக்கு வெளிச்சத்தில், அவரையே பார்த்துச் சிரித்தன.

“என்ன லாத்தா இது,” என்றார் அத்தா தன் அக்காவிடம். “பொம்பளைக இருக்குற வீடு, தெருவே உள்ள நிக்கிது. ஒரு பேப்பரு கீப்பரு ஒட்டி வைக்கக் கூடாதா?”

குப்பி அப்படியே தரையில் உட்கார்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. மாமா தன் கடமையை மறக்காமல், “இன்னும் அரைச் செரட்டை பாலு இருக்கு மச்சான், கொண்டாரவா?” என்றார்.

“வேணாம்!” என்று இரண்டு பெண்களும் ஒரே குரலில் கத்தினார்கள்.

அத்தா எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். சட்டையைக் கழற்றினார். மைதாப் பசை காய்ச்சச் சொன்னார். மூட்டையில் சுற்றி வந்த பினாங்குச் செய்தித்தாளை விரித்துத் தானே ஒட்டத் தொடங்கினார். இடது கதவின் இரண்டாவது கண்ணாடிக்கு வந்தபோது குப்பி விடவில்லை. “ஒட்டு, ஒட்டு. ஒன் மக நாளைக்கே அதுல ஓட்டை போட்டுருவா.”

“அப்படியா?” என்று என்னைப் பார்த்தார். “கடலப் பாக்கவா? எழுதியிருந்தியேம்மா. எங்கிட்டுத் தெரியுது?”

நான் பசைச் சட்டியை மும்முரமாகக் கிண்டினேன். பதில் சொன்னது அம்மா. சுவரைப் பார்த்தபடியே, மெல்லச் சொன்னாள்.

“கடலெல்லாம் தெரியாது. அங்கிட்டு நின்னு பாத்தா பஸ்ஸு நிக்கிற எடம் தெரியும். அவ்வளவுதான்.”

அத்தா ஒட்ட எடுத்த தாளைக் கீழே வைத்தார். கண்ணாடிக்கு அருகே போய்க் குனிந்து பார்த்தார். எதிர்வீட்டுச் சந்து, அதற்கப்பால் புளியமரம், மரத்தடியில் அவர் இறங்கிவந்த பஸ், இரவு தங்குகிற கடைசி பஸ், உள்விளக்கு எரிய இன்னும் நின்றிருந்தது. நெடுநேரம் பார்த்தார். திரும்பி என் உயரத்தைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார்.

“இங்க வா,” என்று அம்மாவைக் கூப்பிட்டுக் கண்ணாடிக்கு நேரே நிற்க வைத்தார். தாளை அவள் முகத்துக்கு எதிரே பிடித்து, விரல் நகத்தால் ஓர் இடத்தில் அடையாளம் வைத்து, காலணா அளவுக்குக் கிழித்தெடுத்தார். பிறகு பசை தடவி ஒட்டினார்.

“இந்த ஓட்டைய நான் போட்டுருக்கேன் லாத்தா. இனிமே யாரும் அடைக்க வேணாம், புள்ள காதத் திருக வேணாம்.”

எனக்காகத்தான் செய்தார் என்று எனக்கு ஒரே பெருமை. ஒரு குறை மட்டும் இருந்தது. ஓட்டை என் தலைக்கு மேலே அரை முழம் தள்ளி இருந்தது. நாலு வருடமாகப் பார்க்காததால் என் உயரம் அவருக்குச் சரியாகப் பிடிபடவில்லை என்று நினைத்துக்கொண்டு, பெருந்தன்மையாக ஒன்றும் சொல்லாமல், முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.